பஞ்சுக் கிடங்குக்குத் தீயணைப்புத் தண்ணீர்: மூன்று லட்சமா, ஏழு லட்சமா?

கப்பலூர் ஃபிட்டர் (கேள்வி)

வணக்கம். திருமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு நூற்பாலையில் பராமரிப்புப் பிரிவில் பதினோரு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். படித்தது ஐ.டி.ஐ. ஃபிட்டர். தொட்டிக் கணக்கு என் வேலை கிடையாது. ஆனால் இப்போது அது என் தலையில் விழுந்திருக்கிறது.

எங்கள் ஆலையில் பதினாறு ஹைட்ரன்ட்கள் (தீயணைப்பு ஹோஸ் மாட்டித் தண்ணீர் எடுக்கும் குழாய் வாய்கள்) உள்ளன. நிமிடத்துக்கு 2,280 லிட்டர் தள்ளும் மின்சாரப் பம்ப் ஒன்று, அதே அளவில் டீசல் பம்ப் ஒன்று, குழாயில் அழுத்தம் இறங்காமல் பார்த்துக்கொள்ள ஒரு ஜாக்கி பம்ப். தரைக்குக் கீழே ஒரு சம்ப். அலுவலகத்தில் உள்ள வரைபடத்தில் அதன் நீளம் 14 மீட்டர், அகலம் 7, ஆழம் 3. 'மூன்று லட்சம் லிட்டர்' என்று அதன் ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறார்கள். இப்போது முற்றத்துக்கு அந்தப் பக்கம் புதிதாகப் பஞ்சுப் பொதிக் கிடங்கு கட்டி முடித்துவிட்டோம். அதைச் சுற்றி நான்கு ஹைட்ரன்ட்கள் வருகின்றன. இரண்டு ஒற்றை வாய், இரண்டு இரட்டை வாய்.

வழக்கமாக எங்களுக்குக் குழாய் வேலை செய்கிறவர் வந்து பார்த்தார். "பதினாறும் நான்கும் இருபது, பழைய பம்பே போதும், பழைய தொட்டியே போதும்" என்று சொல்லிவிட்டு டீ குடித்துப் போனார். கோயம்புத்தூரிலிருந்து வந்த இன்னொரு நிறுவனம் 2,850 லிட்டர் பம்ப் இரண்டு வேண்டும் என்கிறது. மின்சாரம், டீசல், ஜாக்கி மூன்றையும் கூட்டி, இரண்டு மணி நேரத்துக்குப் பெருக்கி, ஏழு லட்சத்துச் சொச்சம் லிட்டருக்குத் தொட்டி கட்ட விலைப்புள்ளி கொடுத்திருக்கிறது. நடுவில் காப்பீட்டு நிறுவனத்தின் ஆய்வாளர் வந்தார். கிடங்கை ஒரு சுற்று சுற்றினார். "இருபத்திரண்டு ஆகிறதே, உங்கள் பம்ப் போதாது" என்று மட்டும் சொன்னார். கடிதம் பிறகு வரும் என்று போய்விட்டார். இருபது எப்படி இருபத்திரண்டாகும் என்று கேட்பதற்குள் கார் கிளம்பிவிட்டது.

முதலாளி என்னைக் கூப்பிட்டு, "நீ ஒரு எண்ணைச் சொல், அதைக் கட்டிவிடலாம்" என்கிறார். எங்களுக்கு மூன்று போர்வெல் இருக்கின்றன. சித்திரை, வைகாசியில் இரண்டு மூச்சு வாங்கும். அப்போதெல்லாம் டேங்கர் லாரிதான். எந்த எண்ணைச் சொல்வது?

குழாய்க்கடை

தம்பி, தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016, நான்காம் பகுதியில் அட்டவணை இருக்கிறது. கட்டட வகை, உயரம், பரப்பளவு பார்த்தால் தொட்டி எவ்வளவு என்று நேராகப் போட்டிருக்கும். தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்றுக்கு அதைத்தான் பார்ப்பார்கள். மூன்று லட்சம் தாராளம். ஏழு லட்சம் என்பவர் கான்கிரீட் விற்க வந்தவர்.

பழைய டீசல்

குழாய்க்கடைக்காரர் சொல்வதில் பாதி சரி. கோயம்புத்தூர்க்காரர் கணக்கிலும் பாதி சரி. இரண்டு பாதியையும் சேர்த்தால் முழு உண்மை வரும் என்று நினைத்துவிடாதீர்கள்.

நான் முப்பத்தெட்டு ஆண்டுகள் ஆலைகளில் பம்ப் அறையில் இருந்தவன். இப்போது திருநகரில் வீட்டோடு இருக்கிறேன். காது கொஞ்சம் மந்தம், டீசல் என்ஜினின் தயவு.

முதலில் அந்த இருபத்திரண்டு. இரட்டை வாய் ஹைட்ரன்ட் ஒன்றைப் பம்ப் கணக்கில் இரண்டாக எண்ண வேண்டும். கம்பத்தை எண்ணாதீர்கள், வாயை எண்ணுங்கள். பதினாறு, இரண்டு, பிறகு நான்கு. இருபத்திரண்டு. ஆய்வாளர் சரியாகத்தான் சொன்னார், நின்று விளக்க அவருக்கு நேரமில்லை.

இந்த இரண்டு எண் கூடியதால் என்ன ஆகிறது என்று பாருங்கள். காப்பீட்டுக்காரர்கள் இன்றைக்கும் பழைய டி.ஏ.சி. (காப்பீட்டுக் கட்டணங்களை வகுத்துவந்த குழு) கையேட்டின் வழியில்தான் கணக்குப் பார்க்கிறார்கள். அதில் ஆலைகளை ஆபத்தின் அளவை வைத்து இலேசானது, சாதாரணமானது, உயர் ஆபத்து 'ஏ', உயர் ஆபத்து 'பி' என்று பிரித்திருப்பார்கள். சாதாரண ஆபத்து வகையில் இருபது ஹைட்ரன்ட் வரை மணிக்கு 137 கனமீட்டர் பம்ப். அதுதான் உங்களிடம் இப்போது இருக்கும் 2,280 லிட்டர் பம்ப். இருபதைத் தாண்டினால் ஐம்பத்தைந்து வரை 171 கனமீட்டர், அதாவது நிமிடத்துக்கு 2,850 லிட்டர். தண்ணீர் இருப்பு, பம்ப் இரண்டு மணி நேரம் ஓடுவதற்கு வேண்டிய அளவு. இருபதில் நின்றிருந்தால் 274 கனமீட்டர். இருபத்திரண்டு என்பதால் 342. லிட்டரில் மூன்று லட்சத்து நாற்பத்திரண்டாயிரம். இரண்டு வாய் கூடியதற்கு அறுபத்தெட்டாயிரம் லிட்டர் கூடுகிறது.

அந்த இரண்டையும் ஒற்றை வாயாக்கி இருபதிலேயே நிறுத்திக்கொள்ளலாமே என்று உங்கள் முதலாளி கேட்பார். எல்லா முதலாளிகளும் கேட்பார்கள். சாதாரண ஆபத்துக்கு வெளிச்சுவர் 45 மீட்டருக்கு ஒரு ஹைட்ரன்ட் என்பது அளவு, அது பொருந்தினால் விதிப்படி முடியும். ஆனால் அது பஞ்சுக் கிடங்கு. அங்கே தண்ணீரில் சிக்கனம் பிடிக்காதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இன்னொன்று, எல்லாவற்றுக்கும் முந்தியது. கிடங்கு எந்த வகை என்பதை ஆய்வாளரிடமிருந்து எழுத்தில் வாங்குங்கள். இலேசான ஆபத்துக்கு ஒரு மணி நேரம், குறைந்தது 135 கனமீட்டர். சாதாரணத்துக்கு இரண்டு மணி. உயர் ஆபத்து 'ஏ'வுக்கு மூன்று, 'பி'க்கு நான்கு. வகை மாறினால் நேரம் மட்டும் மாறுவதில்லை, பம்பும் மாறும். இதே இருபத்திரண்டு வாய் உயர் ஆபத்து 'ஏ' என்று எழுதப்பட்டால் பம்ப் 273 கனமீட்டர், மூன்று மணி நேரத்துக்கு 819 கனமீட்டர். எட்டு லட்சத்துப் பத்தொன்பதாயிரம் லிட்டர். அந்த ஒரு சொல்லுக்குக் காத்திருக்காமல் குழி தோண்டாதீர்கள்.

அடுத்து, ஏழு லட்சம். டீசல் பம்ப் எதற்கு வைத்திருக்கிறோம்? மின்சாரம் போனால் ஓடுவதற்கு. இரண்டும் சேர்ந்து ஓடுவதற்காக வைக்கவில்லை. இரண்டு மணி நேரக் கணக்கில் வேலை செய்யும் பம்பை மட்டும் எடுக்க வேண்டும். மாற்றுப் பம்பைக் கூட்டக் கூடாது. ஜாக்கி என்பது குழாய்க் கசிவை ஈடுகட்டும் சின்னப் பையன், அவனைக் கணக்கில் சேர்ப்பது கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுகிறவனுக்கும் சேர்த்து மொய் கேட்பது மாதிரி. கோயம்புத்தூர்க்காரர் 171ஐ இரண்டு முறை கூட்டியிருக்கிறார். பம்ப் அளவு சரி, பெருக்கல் தவறு.

குழாய்க்கடைக்காரருக்கு: கட்டட விதித்தொகுப்பு சொல்வது அரசு கேட்கும் குறைந்தபட்சம். காப்பீட்டுக்காரர் கேட்பது வேறு. இரண்டில் எது பெரிதோ அதைக் கட்ட வேண்டும். சான்று கிடைத்துவிட்டது என்று உட்கார்ந்தால் இழப்பீடு கேட்கும் நாளில் பேச வேண்டியிருக்கும்.

கிடங்குக்குள் ஸ்பிரிங்க்ளர், அதாவது தீச்சூட்டில் தானாகத் திறந்து மேலிருந்து தண்ணீர் தெளிக்கும் அமைப்பு, போடுகிறீர்களா? போடுவதாக இருந்தால் அதன் தண்ணீர் தனி, இந்த 342க்கு மேல். நிமிடத்துக்கு ஒரு சதுர மீட்டரில் எத்தனை லிட்டர், எத்தனை சதுர மீட்டருக்கு, எத்தனை நிமிடம் என்று மூன்றையும் பெருக்க வேண்டும். சாதாரண ஆபத்துக்கு 5 லிட்டர், 360 சதுர மீட்டர். அப்படியென்றால் நிமிடத்துக்கு 1,800 லிட்டர், ஒரு மணி நேரத்துக்கு 108 கனமீட்டர். ஆனால் பொதியை உயரமாக அடுக்குகிறவர்களுக்கு இந்த 5 லிட்டர் பொருந்தாது. அடுக்கின் உயரம் ஏற ஏற அந்த எண் ஏறும். வடிவமைப்பாளரிடம் "எத்தனை மீட்டர் உயரம் அடுக்குவோம் என்று வைத்துக் கணக்குப் போட்டீர்கள்?" என்று கேளுங்கள். அவர் விழித்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

இனி நான் சொல்ல வந்தது. இத்தனை நேரம் பேசியது காகிதத்தில் உள்ள தொட்டி. பம்புக்குக் காகிதம் தெரியாது.

வருடம் வேண்டாம், ஆலையின் பெயரும் வேண்டாம். விருதுநகர் போகிற சாலையில் ஓர் ஆலை. மே மாதம், மதியம் இரண்டாம் ஷிஃப்ட் மாறுகிற நேரம். கிடங்கின் தெற்கு மூலையில் புகை. மின்சாரத்தைத் துண்டித்தோம், டீசலைத் தட்டினேன், முதல் தட்டிலேயே பிடித்தது. அழுத்தமானியில் ஏழு. வெளியே நான்கு ஹோஸ். எல்லாம் பாடத்தில் உள்ளபடி நடந்தது. ஐம்பது நிமிடம் போயிருக்கும். என்ஜின் சத்தம் மாறியது. சுமை ஏறிய லாரி மேட்டில் ஏறி, சட்டென்று சமதளத்துக்கு வந்தால் ஒரு சத்தம் எழுமே, அது. திரும்பிப் பார்த்தேன். முள் ஏழுக்கும் மூன்றுக்கும் நடுவில் ஆடியது. பிறகு சரிந்தது, எழவே இல்லை. பம்புக்குள் கூழாங்கல்லைப் போட்டு உலுக்குவது மாதிரி ஒலி. காற்றை உறிஞ்சிவிட்டது. ஓடிப்போய் சம்ப் மூடியைத் தூக்கினால் உள்ளே தண்ணீர் நிற்கிறது! முழங்கால் அளவுக்கு மேல். ஃபுட் வால்வின் (உறிஞ்சு குழாயின் அடிநுனியில் உள்ள வால்வு) தலைக்கு மேலே மட்டும் சாக்கடை வாயில் சுழல்வது போல ஒரு சுழி.

அந்தத் தொட்டிக்கு இரண்டு அறைகள். மறு அறையின் மூடியைத் திறந்தோம். அங்கே தண்ணீர் கழுத்தளவு நின்றது. இரண்டு அறைகளையும் இணைத்த குழாய் நாலு அங்குலம். பம்ப் மணிக்கு 171 கனமீட்டர் கேட்கிறது, அந்தக் குழாய் 90கூடக் கடத்தவில்லை. ஒரு பக்கம் வற்ற, ஒரு பக்கம் நிறைந்து நின்றது. ஐம்பது நிமிடத்தில் இரண்டு மணி நேரத் தொட்டி தீர்ந்தது இப்படித்தான். கணக்குப் போட்டவர், கட்டியவர், சான்று கொடுத்தவர் எல்லோரும் லிட்டரை எண்ணினார்கள். குழாயின் விட்டத்தை யாரும் எண்ணவில்லை.

ஆகவே உங்கள் 14, 7, 3 இருக்கிறதே, அதைப் பெருக்கி 294 என்று எழுதாதீர்கள். மேலே வழிவுக் குழாய் எந்த மட்டத்தில் இருக்கிறதோ அதுதான் மேல் எல்லை. கீழே, பம்ப் தொட்டிக்கு மேலே உட்கார்ந்து உறிஞ்சுவதாக இருந்தால், ஃபுட் வால்வின் மட்டம்தான் கீழ் எல்லை என்று விதி சொல்கிறது. அதற்கும் மேலே ஒரு முப்பது சென்டிமீட்டரைச் சுழிக்குத் தானம் என்று நான் கழித்துவிடுவேன். அது விதி இல்லை, என் பட்டறிவு. உறிஞ்சு வாயில் சுழி எழாமல் தட்டு வைத்திருந்தால் இவ்வளவு கழிக்க வேண்டாம்.

நேரத்திலும் ஒரு ஓட்டை இருக்கிறது. தீயணைப்புப் பம்ப் அதன் அளவுக்கு ஒன்றரை மடங்கு வரை தள்ளும்படி செய்யப்பட்டது. அழுத்தம் 65 சதவீதத்துக்குக் குறையாமல் அப்படித் தள்ள வேண்டும் என்பதே அதற்குச் சோதனை. பதற்றத்தில் ஆளுக்கொரு ஹைட்ரன்டைத் திறந்துவிட்டால் 171 பம்ப் மணிக்கு 256 கனமீட்டர் வரை வாரி இறைக்கும். அப்போது 342 கனமீட்டர் வருவது எண்பது நிமிடம். இரண்டு மணி நேரம் என்று சொல்லும்போது இதையும் மனத்தில் வையுங்கள்.

போர்வெல்லைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நம்பகமான ஊற்றிலிருந்து வந்து சேரும் தண்ணீரைக் கழித்துக்கொண்டு தொட்டியைச் சிறிதாக்கலாம், எழுபது சதவீதத்துக்குக் கீழே மட்டும் போகக் கூடாது என்று கையேட்டில் சலுகை உண்டு. அதை எடுக்காதீர்கள். தீ என்றதும் முதல் வேலையாக மின்சாரத்தைத் துண்டிப்பீர்கள். போர்வெல் மோட்டார் எதில் ஓடும்?

லாரியா? 12,000 லிட்டர் லாரி ஒன்று உங்கள் பம்புக்கு நான்கு நிமிடச் சோறு. 342 கனமீட்டர் என்பது இருபத்தெட்டரை லாரி. கப்பலூர் சுங்கச்சாவடியில் வரிசையில் நிற்கட்டும்.

பஞ்சு ஏன் வேறு என்றும் சொல்லிவிடுகிறேன். பொதி வெளியே அணைந்து உள்ளே கனன்றுகொண்டிருக்கும். இறுக்கிக் கட்டிய 170 கிலோ. தண்ணீர் மேலே வழிந்து ஓடிவிடும், உள்ளே போகாது. அணைத்துவிட்டோம் என்று வீட்டுக்குப் போனால் மறுநாள் விடியற்காலையில் கூப்பிடுவார்கள். ஒவ்வொரு பொதியாக வெளியே இழுத்து, பட்டையை வெட்டி, பிரித்துப் போட்டு நனைக்க வேண்டும். நாங்கள் மூன்று நாள் செய்தோம். அந்த மூன்று நாள் தண்ணீரும் இந்தத் தொட்டியிலிருந்துதான் வர வேண்டும். நனைந்த பொதி உப்பும் என்பதையும் மறக்க வேண்டாம். சுவரை ஒட்டி அடுக்கினால் சுவரையே தள்ளிவிடும். இரண்டு அடி இடைவெளி விடச் சொல்லுங்கள், அதற்குக் காசு கிடையாது.

அளந்து பார்த்துவிட்டு எழுதுங்கள். வரைபடத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு டேப்போடு இறங்குங்கள்.

கப்பலூர் ஃபிட்டர்

ஐயா, மிக்க நன்றி. ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்ட் இல்லாதபோது அளக்கிறேன். ஒன்று கேட்க வேண்டும். எங்கள் சம்ப் ஒரே அறைதான், நடுவில் சுவர் இல்லை. அதன் பக்கத்திலேயே அதே ஆழத்தில் இன்னொன்று தோண்டி இணைத்துவிட்டால் செலவு குறையும் என்று முதலாளி சொல்கிறார். செய்யலாமா?

பழைய டீசல்

225 கனமீட்டருக்கு மேல் போனாலே சமமான இரண்டு அறைகள் வேண்டும், ஒன்றைக் கழுவும்போது மற்றது இருக்க வேண்டும் என்பதற்காக. அந்த வகையில் இரண்டாவது தொட்டி நல்லதுதான். இணைப்புக் குழாய் உறிஞ்சு குழாயைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. 171 கனமீட்டருக்கு எட்டு அங்குலம் போட்டால் தண்ணீர் நொடிக்கு ஒன்றரை மீட்டர் ஓடும். நான் பத்து அங்குலம் போடுவேன், தூங்க வேண்டும் அல்லவா. தோண்டுவது பற்றி மண் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

கரிசல் பொறியாளர்

கட்டடப் பொறியியல் படித்தவள், மதுரைக்குத் தெற்கே பல ஆலைகளுக்கு அடித்தளம் போட்டிருக்கிறேன். இடையில் வருவதற்கு மன்னிக்கவும்.

திருமங்கலத்துக்குத் தெற்கே மண் கரிசல் என்றால், நிறைந்த தொட்டியின் சுவரை ஒட்டி மூன்று மீட்டர் ஆழக் குழி தோண்ட வேண்டாம். கோடையில் அந்த மண்ணில் கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு விடும். ஐப்பசி மழையில் அதே மண் வீங்கிச் சுவரைத் தள்ளும். இப்போது உங்கள் சுவருக்கு உள்ளே தண்ணீரும் வெளியே மண்ணும் ஒன்றை ஒன்று தாங்கி நிற்கின்றன. வெளி மண்ணை எடுத்துவிட்டால் ஒரு பக்கத் தாங்கல் போய்விடும். குழிக்குத் தடுப்புப் பலகை அடித்து வேலை செய்யலாம், ஆனால் அந்தச் செலவை உங்கள் முதலாளி கணக்கில் சேர்த்திருக்க மாட்டார்.

இன்னொரு ஆபத்து, பலர் நம்ப மறுப்பது. காலியான சம்ப் மிதக்கும். உங்கள் சம்பின் உள் கன அளவே 294 கனமீட்டர். சுற்றிலும் நிலத்தடி நீர் தரைமட்டம் வரை ஏறினால் அது கீழிருந்து குறைந்தது 294 டன் விசையோடு தூக்கும். அந்த அளவுத் தொட்டியின் கான்கிரீட் எடை இருநூறு டன் வந்தாலே அதிகம். தளம் வெடிக்கும், குழாய் இணைப்புகள் முறியும். ஆகவே வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சம்பைக் காலி செய்து கழுவாதீர்கள். பங்குனியில் கழுவுங்கள்.

என் யோசனை தரைக்கு மேலே இரண்டு எஃகுத் தகட்டுத் தொட்டிகள். போல்ட் போட்டு இணைக்கிற வகை. விட்டம் ஏழரை மீட்டர் என்றால் பரப்பு 44 சதுர மீட்டர். பயன்படும் உயரம் நான்கு மீட்டர் கிடைத்தால் ஒன்றில் 176 கனமீட்டர், இரண்டில் 352. அடித்தளத்தில் சதுர மீட்டருக்கு ஐந்து டன் சுமை வரும். கரிசலைத் தோண்டி எடுத்துவிட்டுக் கிராவல் போட்டு இறுக்கி, அதன்மேல் கான்கிரீட் வளையம். மண் பரிசோதனை செய்யாமல் இதற்கும் இறங்க வேண்டாம்.

பழைய டீசல்

அம்மா சொல்வதுதான் என் வாக்கும். தொட்டி மேலே, பம்ப் கீழே என்றால் தண்ணீர் தானாகப் பம்புக்குள் வந்து நிற்கும். ஃபுட் வால்வு இல்லை, அதில் உப்புப் படிந்து மூடாமல் போவது இல்லை, பம்பில் தண்ணீர் ஊற்றி எழுப்புவது இல்லை. என் ஆயுளில் பாதியை ஃபுட் வால்வுக்குத் தீனி போட்டே கழித்தவன் சொல்கிறேன்.

ஒரே ஒரு திருத்தம். மேல்தொட்டி என்றாலும் அடிவரை கணக்கில் வராது. பம்பின் உறை உச்சி எந்த மட்டமோ அதற்கு மேலே நிற்கும் தண்ணீர்தான் இருப்பு. பம்ப் உச்சி தரையிலிருந்து 90 சென்டிமீட்டர் என்றால், அந்த நான்கு மீட்டரை அதற்கு மேலே எண்ணுங்கள். மேலே முப்பது சென்டிமீட்டர் காலி விட்டால் தொட்டியின் மொத்த உயரம் ஐந்தேகால் மீட்டர் வரும். விலைப்புள்ளியில் இந்த உயரத்தைப் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். பாதிப் பேர் போட மாட்டார்கள்.

வாராவாரம் பம்பை ஓட்டிப் பார்க்கும் தண்ணீர் சாக்கடைக்குப் போகக் கூடாது. திரும்பத் தொட்டிக்கே வரும்படி ஒரு குழாய் போட்டுவிடுங்கள். தண்ணீர் வீணாகிறது என்று சொல்லியே சோதனையை நிறுத்திய ஆலைகளை எனக்குத் தெரியும்.

நிரப்புவது பற்றியும் ஒரு சொல். தீர்ந்த தொட்டி எட்டு மணி நேரத்தில் நிறைய வேண்டும் என்பது என்.எஃப்.பி.ஏ. 22 என்ற அமெரிக்க விதி. உங்கள் போர்வெல் மணிக்கு எவ்வளவு தருகிறது? ஐந்து கனமீட்டர் என்றால் 342ஐ நிரப்ப அறுபத்தெட்டு மணி நேரம். ஏறக்குறைய மூன்று நாள். பொதி உள்ளே கனன்றுகொண்டிருக்கும் அதே மூன்று நாள். அதனால் பழைய சம்பை மூடாதீர்கள். ஆலைக்கு அன்றாடத் தண்ணீரும் அதில் இருக்கட்டும், டீசலில் ஓடும் ஒரு சின்னப் பம்ப் வைத்து மேல்தொட்டிக்கு ஏற்றுகிற வழியும் இருக்கட்டும். தீயணைப்பு வண்டி வந்து உறிஞ்ச ஒரு வாயும் விடுங்கள்.

அளந்தீர்களா?

கப்பலூர் ஃபிட்டர்

அளந்தேன் ஐயா. நேற்றுக் காலை ஆறு மணிக்கு, வெயில் ஏறுமுன்.

மூங்கிலில் டேப்பைக் கட்டி இறக்கினேன். வழிவுக் குழாய் அடியிலிருந்து 2.70 மீட்டரில் இருக்கிறது. ஃபுட் வால்வு 50 சென்டிமீட்டரில். அடியில் பதினெட்டு சென்டிமீட்டர் வண்டல், மூங்கில் நுனியில் கறுப்பாக ஒட்டிக்கொண்டு வந்தது. தொட்டி நிறைந்திருந்தால் விதிப்படி 2.20 மீட்டர், 98 சதுர மீட்டரால் பெருக்கினால் 215 கனமீட்டர்தான். பதினாறு ஹைட்ரன்ட் இருந்தபோதே 274 வேண்டியிருந்தது. அதாவது இத்தனை ஆண்டுகளாக எங்களிடம் போதுமான அளவு இருந்ததே இல்லை.

ஆனால் தொட்டி நிறைந்திருக்கவும் இல்லை. நேற்றுக் காலை தண்ணீர் 2.10 மீட்டரில் நின்றது. அறுபது சென்டிமீட்டர் எங்கே போனது என்று மூடியைச் சுற்றிப் பார்த்தேன். செம்பருத்திச் செடிக்குப் பின்னால் ஓர் அங்குலக் குழாய் சம்புக்குள் இறங்குகிறது. தோட்டத்து மோட்டார். நான் வேலைக்குச் சேரும் முன்பே போட்டிருக்கிறார்கள், அதன் வாய் ஃபுட் வால்வுக்கும் கீழே இருக்கிறது. தடுக்க ஆளில்லாமல் அடிவரை உறிஞ்சலாம்.

நீங்கள் சொன்ன முப்பது சென்டிமீட்டரைச் சுழிக்குக் கழித்து நேற்றைய கணக்கைப் போட்டேன். 1.30 மீட்டர், 127 கனமீட்டர். இப்போதைய பம்புக்கு ஐம்பத்தாறு நிமிடம். சிவப்பு மையில் மூன்று லட்சம் என்று எழுதிய வரைபடத்தையும் என் தாளையும் முதலாளி மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு ஆய்வாளருக்குத் தானே போன் செய்து கிடங்கின் வகையை எழுத்தில் கேட்டார். சாதாரண ஆபத்து என்று கடிதம் வந்தால் 342, தரைக்கு மேலே இரண்டு தொட்டிகள், ஐந்தேகால் மீட்டர் உயரம் என்று விலைப்புள்ளி கேட்கச் சொல்லிவிட்டார். மண் பரிசோதனைக்கு வியாழக்கிழமை ஆள் வருகிறார். கடிதத்தில் வேறு வகை வந்தால் மறுபடி இங்கேதான் வருவேன்.

தோட்டத்துக் குழாயை அன்று மாலையே ரம்பத்தால் அறுத்து மூடி போட்டுவிட்டேன். தொட்டியை நிரப்ப ஐந்து லோடு லாரித் தண்ணீர் பிடித்தது. தோட்டக்காரர் இப்போது கைகழுவும் இடத்திலிருந்து வாளியில் சுமக்கிறார். என்னோடு பேச்சு இல்லை.